கொற்கை, காயல், தென்காசி: ஓர் ஆற்றங்கரையின் தலைநகரங்கள்

அரபுமொழியில் இக்காலத்தார் தலைநகருக்கு வழங்கும் சொல் ‘ஆஸிமா’ என்பதாகும். காத்தல், தீங்கு அணுகாது தடுத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் இது. நபிமார்களைக் குறித்து நாம் வழங்கும் ‘மஃஸூம்’ என்பதும் அவ்வேரினதே. முற்கால ஆசிரியர்களோ தலைநகரை ‘குர்ஸீ’ என்றும் ‘காஇதா’ என்றும் குறித்தனர். முன்னது அரியணை, பின்னது அடித்தளம். ஆக, அரசன் அமரும் இடம், அரசு ஊன்றி நிற்கும் இடம், அரசைக் காக்கும் இடம் என மூன்று கருத்துகள் ஒரே பொருளைச் சுட்ட வந்துள்ளன. இம்மூன்றும் எப்போதும் ஓரூரில் கூடுவதில்லை. கூடாதபோதுதான் தலைநகரங்கள் இடம்பெயர்கின்றன.

ஆப்பிரிக்க நாடுகள் தம் தலைநகரங்களை மாற்றுவதைச் செய்தித்தாள்களில் படிக்கும் நம்மவர், அதனை அந்நாடுகளின் நிலையின்மைக்குச் சான்றாகக் கருதுவதுண்டு. நைஜீரியா 1991 டிசம்பரில் லாகோஸை விட்டு அபுஜாவுக்குப் பெயர்ந்தது. ஐவரி கோஸ்ட் 1983-இல் அபிஜானுக்குப் பதிலாக யமுசுக்ரோவைத் தலைநகராக அறிவித்தது. தான்சானியா, தாருஸ்ஸலாமை விட்டு தொடோமாவுக்குச் செல்வதென 1973-இல் முடிவெடுத்து, அதனை நிறைவேற்றப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டது. இவற்றைக் கண்டு வியப்போர், பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் நம் தாமிரபரணியைச் சற்று நோக்குதல் வேண்டும். சுமார் 128 கிலோமீட்டரே ஓடும் இச்சிற்றாற்றின் வடிநிலத்தில் ஈராயிரம் ஆண்டுகளுக்குள் அரசிருக்கைகள் கடலை நோக்கி இறங்கியும் மலையை நோக்கி ஏறியும் இருக்கின்றன.

முதலாவது கொற்கை. சேர சோழ பாண்டியரின் முன்னோர் மூவரும் உடன்பிறந்தாராய்க் கொற்கையில் ஒருங்கு வாழ்ந்து, பின்னரே பிரிந்து சென்றனர் என்பது இப்பகுதியின் பழங்கதை. அதனைக் கதையாகவே கொள்வோம். ஆனால் கி.பி. முதல் நூற்றாண்டினதாகக் கருதப்படும் கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளூஸ், கொற்கையைப் பாண்டியருக்குரிய முத்துக்குளிக்கும் இடம் எனவும், அங்கே தண்டனை பெற்ற குற்றவாளிகள் முத்தெடுக்கப் பணிக்கப்பட்டனர் எனவும் கூறுகின்றது. அடுத்த நூற்றாண்டின் தாலமியும் கொற்கையை அறிந்திருந்தார். சிலப்பதிகாரத்திலோ மதுரையில் நெடுஞ்செழியன் இருக்க, கொற்கையில் வெற்றிவேற்செழியன் இருக்கின்றான். முன்னவன் மறைந்தபின் பின்னவன் மதுரைக்கு வருகின்றான். அரியணை மதுரையில், அடித்தளம் கொற்கையில். அரச குலத்தின் இளையவன் ஒருவனைத் துறைமுகத்தில் இருத்துவது பாண்டியர் வழக்கமாய் இருந்தது என்று கொள்ள இடமுண்டு. அதன் காரணமும் வெளிப்படை. முத்து விளையும் இடத்தில் அரசனின் கண் இல்லையேல் முத்து அரசனிடம் வந்து சேராது.

தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையினர் 1968-69-இல் கொற்கையில் அகழாய்வு நடத்தினர். அங்குக் கிடைத்த கரியினைச் சோதித்ததில் கி.மு. 785 என்னும் காலக்கணிப்பு பெறப்பட்டது. இன்று அவ்வூர் கடலிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் உள்ளே, வயல்களும் வாழைத் தோட்டங்களும் சூழக் கிடக்கின்றது. அருகிலுள்ள ‘அக்காசாலை’ என்னும் பெயர் மட்டும், நாணயம் அடிக்கும் கூடம் அங்கிருந்ததை நினைவூட்டி நிற்கின்றது. நம் மாணவர் சிலரை ஒருமுறை அவ்வூருக்கு அழைத்துச் சென்றபோது, துறைமுகம் எங்கே என்று அவர்கள் கேட்டனர். வாழைத்தோப்பினைச் சுட்டிக்காட்டுவதைத் தவிர நம்மால் வேறொன்றும் செய்ய இயலவில்லை.

கொற்கையை எந்தப் பகைவனும் அழித்ததாகத் தெரியவில்லை. அதனை அழித்தது, அதனை வாழவைத்த ஆறேதான். இரு பருவமழைகளையும் பெறும் தாமிரபரணி ஆண்டுதோறும் மலையிலிருந்து வண்டலைக் கொணர்ந்து கழிமுகத்தில் கொட்டியது; கடல் பின்வாங்கிற்று; கப்பல்கள் அணையும் ஆழம் குறைந்தது. இவ்வுண்மையை முதன்முதலில் தெளிவுற விளக்கியவர், இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஆவார். 1881-இல் வெளிவந்த தமது திருநெல்வேலி வரலாற்றில், கொற்கை தூர்ந்தபின் கடலுக்கு அணித்தாய்க் காயல் எழுந்தது என்றும், காயலும் அவ்வாறே தூர்ந்தபின் தூத்துக்குடி தலையெடுத்தது என்றும் அவர் எழுதினார். கடல் நகர நகர நகரமும் அதன் பின்னே நடந்தது எனலாம்.

இனி, காயல். நம் வாசகர்கள் பலருக்கும் நெஞ்சுக்கு நெருக்கமான பெயர் இது. ஆதலின் சற்று நின்று பேசுவது தகும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழியே சென்ற மார்க்கோ போலோ, காயலைப் பெரியதும் சிறந்ததுமான நகரம் என்கின்றார். உடன்பிறந்த ஐந்து அரசருள் மூத்தவனுக்கு அது உரியது என்றும், ஹுர்முஸ், கீஷ், ஏடன் முதலிய அரபு, பாரசீகத் துறைகளிலிருந்து வரும் கப்பல்களெல்லாம் குதிரைகளோடும் பிற சரக்குகளோடும் அங்கே அணைகின்றன என்றும் அவர் குறிக்கின்றார். அக்காலத்தில் பாண்டிய நாட்டை ஆண்டவன் மாறவர்மன் குலசேகரன். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபின் நூலில் இவ்வரசனது பெயர் ‘கலேஸ் தேவர்’ என உருத்திரிந்து காணப்படுகின்றது. கீஷ் தீவின் ஆட்சியாளராயிருந்த மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் இப்ராஹீம் அத்தீபீ, ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைத் தம் தொழுவங்களிலிருந்து மஃபருக்கு அனுப்புவதென உடன்பாடு இருந்தது. ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார். அதற்கு முந்திய தலைமுறையில் வளைகுடாத் துறைகள் அனைத்திலிருந்தும் ஆண்டொன்றுக்கு 10,000 குதிரைகள் வந்தன என்றும், அவற்றின் விலை 22 இலட்சம் தீனார் என்றும் வஸ்ஸாஃப் கணக்கிடுகின்றார். கடல்வழியில் இறந்த குதிரைகளுக்கும் அரசன் விலை கொடுத்தான். இத்துணைக் குதிரைகள் ஆண்டுதோறும் ஏன் தேவைப்பட்டன என்ற ஐயம் வாசகர்க்கு எழும். நம் நாட்டின் வெப்பமும், குதிரைக்கு ஒவ்வாத தீனியும், இலாடம் அடிக்கத் தெரிந்தோர் இன்மையும் அவற்றை விரைவில் மாய்த்தன. வணிகர்களுக்கு இதில் வருத்தம் இருந்திருக்குமோ என்பது ஐயமே!

ஜமாலுத்தீனின் சகோதரர் தகிய்யுத்தீன் அப்துர் ரஹ்மான் அத்தீபீ பாண்டியனிடம் அமைச்சராகவும், காயல் உள்ளிட்ட துறைகளின் பொறுப்பாளராகவும் விளங்கினார். இதனை வெறும் சமுதாயப் பெருமையாகப் பேசிவிட்டு நிறுத்திக்கொள்வது நம்மிடையே உள்ள வழக்கம். அதன் உட்பொருளை நோக்க வேண்டும். கொற்கையில் இளவரசனை இருத்திக் கடலைக் கண்காணித்த அதே அரசமரபு, காயலில் கடலோடும் கடலாடிகளோடும் நேரடி உறவுடைய ஒருவரை இருத்திற்று. துறைமுகத் தலைநகருக்கு அரசகுருதியைவிடக் கடல் கடந்த நம்பிக்கையே பெரிதாய் வேண்டப்பட்டது என்பதே இதன் பொருள்.

அந்தக் காயல் எது? ஆற்றுமுகத்தை அடுத்துள்ள பழையகாயலா, அதற்குத் தெற்கே கடலோரம் உள்ள காயல்பட்டினமா? இவ்வினா நம்மவரிடையே சூடாகவே விவாதிக்கப்படுகின்றது. கால்டுவெல் பழையகாயல் என்றார். அங்கே நெடுந்தொலைவுக்குச் சிதறிக் கிடந்த சீனப் பீங்கான் துண்டுகளும், அப்பகுதியில் கிடைத்த அரபு நாணயங்களும் அவருக்குச் சான்றாயின. மார்க்கோ போலோவின் நூலை ஆங்கிலத்தில் பதிப்பித்த யூல் அவரையே பின்பற்றினார். காயல்பட்டினத்தார், தம் ஊரின் தொன்மையான பள்ளிகளையும், அரபு எழுத்துப் பொறித்த மீஸான் கற்களையும், அறுபடாத குடிமரபையும் காட்டுவர். இருசாராரும் ஒன்றை மறக்கின்றனர் என்பது நம் கருத்து. காயல் என்பது முதலில் ஊரின் பெயரன்று; கடலையொட்டிய உப்பங்கழியின் பெயர். பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என மூன்று ஊர்கள் அப்பெயரைத் தாங்கி நிற்பதே, கழிமுகப் பரப்பு முழுவதும் ஒரே துறையாகக் கருதப்பட்டிருக்கக்கூடும் என்பதைக் காட்டுகின்றது. ஓரிடத்தில் மணல் திட்டிட்டால் கப்பல்கள் பிறிதோரிடத்தில் நங்கூரம் பாய்ச்சியிருக்கும். தூரும் துறைமுகம் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதன்று.

இதனோடு இயைபுடைய மற்றொரு செய்தியையும் ஈண்டுக் கூற வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டில் எகிப்திலிருந்து காஹிராவாசிகள் வந்து குடியேறியதால் ‘காஹிர்பட்டணம்’ என வழங்கிய ஊரே காயல்பட்டினமாயிற்று என்பது வழிவழியாகப் பேசப்படும் மரபு. இங்கே எகிப்தின் தலைநகர வரலாறு நமக்கு உதவுகின்றது. அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) எகிப்தை வென்றபின் அமைத்த தலைநகரம் ஃபுஸ்தாத். அப்பாஸியர் 750-ஐ ஒட்டி அதன் வடக்கே அல்அஸ்கரை அமைத்தனர். அஹ்மத் இப்னு தூலூன் ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அல்கதாயிஃயைக் கட்டினார். ஃபாத்திமியர் எகிப்தைக் கைப்பற்றிய பின்னரே, ஹிஜ்ரி 358 (கி.பி. 969)-இல் காஹிரா பிறந்தது. புதிய ஆட்சி ஒவ்வொன்றும் பழைய நகரின் வாயிலிலேயே தனக்கெனப் புதுநகர் கண்டது; இடம் ஏறத்தாழ ஒன்றே, பெயர் நான்கு. ஆகவே ஒன்பதாம் நூற்றாண்டில் எகிப்தை விட்டுப் புறப்பட்ட எவரும் காஹிராவாசியாக இருந்திருக்க இயலாது. குடியேற்றமே பொய் என்று இதனால் முடிவுகட்டலாகாது. எகிப்திய வணிகர் இக்கரைக்கு வந்தமை முற்றிலும் இயல்பே. பெயர் விளக்கம் மட்டுமே பிற்காலத்தது. அன்புக்குரிய மரபு ஒன்றை ஆண்டுக்கணக்கின்முன் நிறுத்தத் தயங்குவோர், ஹதீஸ் அறிவிப்பாளர்களின் பிறப்பு இறப்பு ஆண்டுகளைக் கொண்டே அறிவிப்புகளை எடைபோட்ட நம் முன்னோரின் முறையை நினைவுகூர்வாராக.

காயலின் அரசிருக்கை எவ்வாறு போயிற்று? 1311-இல் மாலிக் காஃபூரின் படையெடுப்போடு எல்லாம் முடிந்தது எனப் பாடநூல்கள் எழுதுகின்றன. உண்மையில் குலசேகரனின் மக்கள் சுந்தரனும் வீரனும் ஒருவரையொருவர் அழிக்க முற்பட்டபோதே பாண்டியப் பேரரசு பிளந்துவிட்டது. அதன்பின் 1334-ஐ ஒட்டித் தோன்றிய மதுரை சுல்தானகமும், அதனை வீழ்த்திய விஜயநகரப் படைகளும் மதுரையைப் பாண்டியரிடமிருந்து நிலையாகப் பறித்தன. அரியணை போயிற்று, ஆனால் அடித்தளமாகிய காயல் அப்போதும் போகவில்லை. ஏறத்தாழ 1516-இல் எழுதிய போர்த்துக்கீசியர் பார்போசா, காயல் செழிப்பாயிருந்ததையும், கொல்லத்து அரசன் அங்கு வந்து தங்கியதையும் குறிக்கின்றார். முத்துக்குளிப்பைக் குத்தகைக்கு எடுத்த பெருஞ்செல்வரான முஸ்லிம் ஒருவர் அங்கே அரசனுக்கு நிகராக மதிக்கப்பட்டதையும், முஸ்லிம்களின் வழக்குகளை அரசனின் தலையீடின்றி அவரே தீர்த்துவந்ததையும் அவர் எழுதுகின்றார். படையெடுப்புக்கு இருநூறு ஆண்டுகள் கழித்தும் அந்நகரம் உயிரோடிருந்தது.

அதன்பின் வந்த அடி, கடல்வழியே வந்தது. 1530-களில் பரதவர் போர்த்துக்கீசியரின் காவலை நாடிக் கிறிஸ்தவம் தழுவியதும், 1538-இல் வேதாளையில் மரக்காயர் படை தோற்றதும் முத்துக்கடலை முஸ்லிம்களின் கையினின்றும் அகற்றின. காயலை அழித்தவர் பறங்கியரே என்பது நம் மக்களின் உறுதியான எண்ணம். அதில் பாதி உண்மை. மறுபாதி ஆற்றினுடையது. வென்றவரும் முதலில் ஆற்றுமுகத்துப் புன்னைக்காயலில்தான் தங்கினர். பின்னர் அவர்களுக்கும் முதன்மைத் துறையாக நிலைத்தது வண்டல் எட்டாத் தொலைவில், தீவுகளின் மறைவில் உள்ள தூத்துக்குடியே. 1658-இல் ஒல்லாந்தர் கைப்பற்றியதும் அதனையே. காயல் நல்ல துறையாகவே இருந்திருப்பின், வென்றவர்கள் அதனை விட்டிருக்கமாட்டார்கள்.

இவ்விடத்தில் இப்னு கல்தூனின் நினைவு வருகின்றது. அவர் தூனிஸில் 1332-இல் பிறந்தார், ஹிஜ்ரி 779 (கி.பி. 1377)-இல், அதாவது மதுரை சுல்தானகம் தன் இறுதிமூச்சை விட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், இன்றைய அல்ஜீரியாவிலுள்ள ஒரு கோட்டையில் அமர்ந்து முகத்திமாவை எழுதினார். அரசின் ஆயுளே தலைநகரின் ஆயுள் என்பது அவரது கொள்கை. புதிய அரசு பழைய தலைநகரை விரும்புவதில்லை. திமிஷ்கை விட்டு அப்பாஸியர் பக்தாதுக்கும், மராகிஷை விட்டு மரீனியர் ஃபாஸுக்கும் பெயர்ந்ததை அவர் சான்றாகக் காட்டுகின்றார். இதற்கு ஒரு விதிவிலக்கும் கூறுகின்றார்: நகரைச் சூழ்ந்த நாட்டுப்புறம் மக்களை இடைவிடாது அனுப்பிக்கொண்டிருக்குமாயின், அரசு போனபின்னும் நகரம் நிலைக்கும். கடலோர நகரம் மலைமீதோ, காக்க வல்ல குடிகளின் நடுவிலோ அமையாவிடில் பகைவனுக்கு எளிதில் இரையாகும் என்று அவர் எச்சரிக்கும்போது, அலெக்ஸாந்திரியாவை எண்ணியே எழுதினார். காயலை அவர் கண்டிருந்தால் அதனையும் சேர்த்திருப்பார்.

மதுரையை இழந்த பாண்டியர் சென்றடைந்த இடம் ஆற்றின் மறுதலை. பொதிகையின் அடிவாரத்தை ஒட்டி, சிற்றாற்றின் கரையில் உள்ள தென்காசி. பராக்கிரம பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே காசி விசுவநாதர் கோவிலை எழுப்பி, அவ்வூரைத் தன் குலத்தின் இருக்கையாக்கினான். அங்கே முத்தில்லை, குதிரையில்லை, கப்பல் வருவதில்லை. மேற்கே மலை, மலைக்கு அப்பால் வேணாடு, கிழக்கே நீர் வற்றாத வயல்கள். ‘ஆஸிமா’ என்னும் சொல்லின் வேர்ப்பொருளுக்கு இதனினும் பொருத்தமான ஊர் நம் பகுதியில் இல்லை. வடக்கே வடகாசி முஸ்லிம் அரசுகளின் ஆட்சியில் இருந்த காலத்தில் தெற்கே ஒரு காசி கண்டதில், இழந்த பெருமையை வேறு வகையில் ஈடுசெய்யும் மனமும் தெரிகின்றது. பேரரசாக வாழ்ந்தோர் அங்கே சிற்றரசாக வாழ்ந்தனர். வாளைவிட எழுத்தாணி அங்கே மிகுதியும் உழைத்தது. நைடதம் பாடிய அதிவீரராம பாண்டியன் அவ்வரசமரபின் கடைசித் தலைமுறைகளைச் சேர்ந்தவன். பதினேழாம் நூற்றாண்டில் அவ்வரசு சத்தமின்றி மறைந்தது.

ஆக, ஒரே ஆற்றில் இருவகைப் பயணங்கள். செல்வத்தைத் தேடிக் கடலோடு கீழிறங்கியது ஒன்று. உயிரைக் காத்துக்கொள்ள மலைக்கு ஏறியது மற்றொன்று. ஆப்பிரிக்காவின் தலைநகர மாற்றங்களிலும் இவ்விரண்டையும் காணலாம். உமானின் சயீத் இப்னு சுல்தான் 1840-ஐ ஒட்டி மஸ்கத்தை விட்டு ஸன்ஸிபாருக்கே தம் இருக்கையை மாற்றினார். கிராம்பும் தந்தமும், அன்றைய கொடுமையான அடிமை வாணிகமும் அங்கே இருந்தன. பிரெஞ்சுக்காரர் ஐவரி கோஸ்டில் முதலில் அமைத்த கடலோரத் தலைநகரான கிராண்ட் பாஸமை, 1899-இல் பரவிய மஞ்சள் காய்ச்சலுக்கு அஞ்சி விட்டு அகன்றனர். லாகோஸும் தாருஸ்ஸலாமும் அந்நியர் ஆட்சியில் தலைமை பெற்றதற்குக் காரணம் அவற்றின் துறைமுகங்கள்; ஆள்வோரின் கண் கப்பலின் மீதிருந்தது. விடுதலை பெற்ற நாடுகளுக்கு அக்கண் உள்நாட்டின் மீது திரும்பிற்று. எந்த ஓர் இனத்துக்கும் உரியதல்லாத நடுவிடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதே அபுஜா. ஆயினும் லாகோஸின் வாணிகம் அபுஜாவுக்குப் போய்விடவில்லை. அரியணையைத் தூக்கிச் செல்லலாம். அடித்தளத்தைப் பெயர்ப்பது எளிதன்று.

திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் அரசர்களின் தலைநகராய் இருந்ததைவிட, வேற்றூர் அரசர்களின் அதிகாரிகள் தங்கிய இடமாய் இருந்ததே மிகுதி. மதுரை நாயக்கரின் ஆளுநர்களும், பின்னர் ஆர்க்காட்டு நவாபின் சார்பில் வரி தண்டியோரும் இங்கிருந்தே ஆண்டனர். அவருள் 1764-இல் தூக்கிலிடப்பட்ட முஹம்மத் யூசுஃப் கான் குறிப்பிடத்தக்கவர். கும்பினியார் 1801-இல் கர்நாடக ஆட்சியை முழுதும் எடுத்துக்கொண்டபின் ஆற்றின் வடகரையில் பழைய ஊரும், எதிர்க்கரையில் கோட்டையும் அலுவலகங்களுமாக இரட்டையூர் வளர்ந்தது. சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளில் கட்டிய பாலம் 1843-இல் இரண்டையும் இணைத்தது. அதே 1801-இல் ஒரு தலைநகரம் வேரோடு பிடுங்கப்பட்டதையும் சொல்லாமல் விடலாகாது. 1799-இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டபின் இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை, பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை மீண்டும் எழுப்பினார். சில மாதங்களில் அது வீழ்ந்தது; கும்பினியார் அதனைத் தரைமட்டமாக்கி உழுதனர். கொற்கை தூர்ந்து மறைய நூற்றாண்டுகள் ஆயின. பாஞ்சாலங்குறிச்சிக்கு ஒரு கோடைகாலம் போதுமானதாயிற்று.

அரசு நீங்கிய பின் காயலுக்கு எஞ்சியது என்ன? இப்னு கல்தூன் கூறிய நாட்டுப்புறம் அதற்கில்லை. பின்னே உப்பளமும் தேரிமணலும்தான். மாறாக, அதன் மக்கள் கடலுக்கு அப்பால் இலங்கையிலும் கிழக்கிலும் பொருளீட்டி ஊருக்கு அனுப்பினர். கடலே அதன் நாட்டுப்புறமாயிற்று. அப்பொருளால் பள்ளிகளும் மதரஸாக்களும் வக்ஃபுகளும் நிலைபெற்றன. 1632-இல் காயலில் பிறந்த ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) கீழக்கரையில் வாழ்ந்து 1703-இல் அங்கேயே அடக்கமானார்கள். காயலின் துறை தளர்ந்த காலத்தில் சேதுபதிகளின் நாட்டில் கீழக்கரை செழித்திருந்தது. அந்நாட்டின் தலைநகரும் அதே தலைமுறையில்தான், கிழவன் சேதுபதியின் காலத்தில், போகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாறியது.

1986 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது கொற்கையும் மூன்று காயல்களும் தூத்துக்குடியைத் தலைமையாகக் கொண்ட புதிய மாவட்டத்துக்குச் சென்றன. 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. கடைசிப் பாண்டியருக்குப்பின் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கழித்து அவ்வூருக்கு மீண்டும் ஓர் ஆட்சித் தலைமை கிடைத்திருக்கின்றது. இம்முறை காரணம் பகைவரும் அல்லர், ஆறும் அன்று. சான்றிதழ் ஒன்றுக்காகவும் மனு ஒன்றுக்காகவும் செங்கோட்டை, சங்கரன்கோவில் மக்கள் திருநெல்வேலிக்குப் பேருந்தேறி வந்து ஒரு நாளைக் கழிக்க வேண்டியிருந்த தொலைவே.